நெட்டை நாற்றும் ரோஸ் கதிரும்: ஃபுசேரியம் பூஞ்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டு பக்கம் போகும்போதெல்லாம் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. நெல்லும் சோளமும் கேழ்வரகும் போட்ட வீட்டில் வளர்ந்தவன் நான், பிறகு பயிர் நோயியல் படித்தேன். பழைய வட ஆர்க்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டமாகிவிட்டது. ஆனால் நாற்றங்காலில் காணும் நோய்க்கு மாவட்ட எல்லை கிடையாது. அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஃபுசேரியம் என்பது என்ன? பெயரே புதிதாக இருக்கிறதே?

பெயர்தான் புதிது, பூஞ்சை நம் நிலத்துக்குப் பழையது. மண்ணிலும் மக்கிய தாளிலும் விதையின் தோலிலும் நூல் நூலாய் வளரும் பூஞ்சை வகை இது. 1809இல் ஹைன்ரிச் லிங்க் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் இந்தப் பெயரை வைத்தார். லத்தீனில் ஃபூசஸ் என்றால் நூல் நூற்கும் கதிர். மைக்ராஸ்கோப்பில் இதன் வித்துகளைப் பார்த்தால் காரணம் புரியும்: நடுவில் பருத்து, இரண்டு முனையும் ஒடுங்கி, பிறை போல லேசாக வளைந்து, உள்ளே குறுக்குச் சுவர்களோடு இருக்கும்.

இந்தக் குடும்பத்தில் இனங்கள் ஏராளம். தானியம் விளைவிக்கிறவர்கள் மூன்று பெயரைத் தெரிந்துகொண்டால் போதும். நெல்லைத் தாக்குவது ஃபுசேரியம் ஃபுஜிகுரோய். மக்காச்சோளத்தில் அதிகமாகவும் சோளத்திலும் காண்பது ஃபுசேரியம் வெர்டிசிலியாய்டஸ். கோதுமை, பார்லிக்கு எமன் ஃபுசேரியம் கிராமினேரம். பழைய புத்தகங்களில் முதல் இரண்டையும் மோனிலிஃபார்மே என்ற ஒரே பெயரில் போட்டிருப்பார்கள், குழம்ப வேண்டாம்.

மற்ற பயிர் நோய்கள் விளைச்சலைக் கெடுக்கும், அதோடு சரி. இது விளைச்சலையும் கெடுக்கும், விளைந்ததைச் சாப்பிடுகிறவரையும் கெடுக்கும். தானியத்துக்குள் நச்சுப் பொருள்களை விட்டுவிட்டுப் போகும் பூஞ்சை இது. இதைப் பற்றி நான் விடாமல் பேசுவதற்கு அதுதான் காரணம்.

நாற்றங்காலில் அங்கங்கே சில நாற்று மட்டும் ஒரு சாண் உயர்ந்து, வெளுத்து நிற்கிறது. யூரியா கூடிவிட்டதா?

யூரியா கூடினால் அந்த இடம் முழுக்கவே கரும்பச்சை கட்டும். பத்து நாற்றுக்கு நடுவில் ஒன்று மட்டும் தனியாக நெடுநெடுவென்று எழுந்து, இலை வெளிர் மஞ்சளாக, தண்டு ஒல்லியாக நின்றால் சந்தேகப்பட வேண்டியது ஃபுஜிகுரோய் பூஞ்சையை.

கே.வி.குப்பம் பக்கம் ஒரு சம்பா நாற்றங்காலில் பெரியவர் ஒருவர் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். "பாரு தம்பி, இந்த வருஷம் நாத்து எப்படி எழும்பி இருக்குது" என்றார். அவர் காட்டிய இடத்தில் இருபது முப்பது நாற்று மற்றவற்றைவிட அரை அடி மேலே நின்றது. ஒன்றைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தேன். வேர் இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே, தண்டின் கணுவிலிருந்தே புதிதாக வேர் கிளம்பியிருந்தது. நாற்றின் அடித்தாளை நகத்தால் நீளவாக்கில் கிழித்துப் பார்த்தோம், உள்ளே பழுப்பாக இருந்தது. வெளித்தோலில், அரிசி மாவைத் தொட்ட விரலால் தடவியது போல, லேசான ரோஸ் கலந்த வெள்ளைப் பொடி. விரலில் ஒட்டிக்கொண்டது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப இது வளர்த்தி இல்லியா?" என்று கேட்டார்.

இல்லை. இப்படி எழும்பிய நாற்றில் பாதி நடவுக்கு முன்னாலேயே சாகும். பிழைத்தவையும் நட்டபின் தூர் கட்டாது, ஒன்றிரண்டு கதிர் தள்ளினாலும் பதராகத்தான் இருக்கும். சில நேரம் இதே பூஞ்சை நாற்றை உயர்த்தாமல் குட்டையாக்கியும் விடும். அதனால் உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கணுவில் வேரும் அடித்தாளில் பொடியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் ஊரில் இதை அடித்தாள் அழுகல் என்பார்கள். உலகம் முழுக்க வழங்கும் பெயர் பக்கானே. அது ஜப்பானியச் சொல், "முட்டாள் நாற்று" என்று பொருள்.

பூஞ்சை தாக்கினால் பயிர் சுருங்கத்தானே வேண்டும்? எப்படி உயரும்?

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் இதே கேள்வியில்தான் ஒரு பெரிய கண்டுபிடிப்பு தொடங்கியது.

ஜப்பானிய விவசாயிகளுக்கு இந்த நாற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். 1898இல் ஷோதாரோ ஹோரி என்பவர் இதற்குக் காரணம் ஒரு பூஞ்சை என்று காட்டினார். 1926இல் தைவானில் வேலை பார்த்த எய்ச்சி குரோசாவா அடுத்த அடியை வைத்தார். பூஞ்சையை ஒரு திரவத்தில் வளர்த்து, பூஞ்சையை முழுக்க வடிகட்டி எடுத்துவிட்டு, மிச்சத் தண்ணீரை மட்டும் நல்ல நாற்றுக்குக் கொடுத்தார். நாற்று அப்படியே நெட்டையாக வளர்ந்தது! ஆக, பூஞ்சை உடலோடு அங்கே இருக்க வேண்டியதில்லை, அது சுரக்கும் ஏதோ ஒன்றுதான் வேலை செய்கிறது. 1935இல் தெய்ஜிரோ யபுதா அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து ஜிப்ரலின் என்று பெயரிட்டார்.

பிறகுதான் தெரிந்தது, செடிகள் தாமே இந்த ஜிப்ரலினைச் சொட்டுச் சொட்டாகத் தயாரித்துத்தான் உயரம் கூட்டுகின்றன என்று. பூஞ்சை அதையே குடம் குடமாகக் கொட்டுகிறது. நாற்று தன் உடம்பில் உள்ள சத்தையெல்லாம் நீளத்துக்கே செலவழித்துவிட்டு வெறும் தண்டாக நிற்கிறது.

இன்னொரு விஷயமும் நினைவுக்கு வருகிறது. பசுமைப் புரட்சிக் காலத்தில் வந்த ஐ.ஆர்.8 குட்டை நெல்லை நம் மூத்தவர்கள் பலர் பயிர் செய்திருப்பார்கள். 1966இல் வெளியான அந்த ரகம் ஏன் குட்டை என்பதற்கு மரபணு விளக்கம் 2002இல்தான் கிடைத்தது: அதில் ஜிப்ரலின் தயாரிக்கும் ஒரு படி பழுதாகியிருக்கிறது. குறைந்த ஜிப்ரலின், குட்டைத் தண்டு, சாயாத பயிர், அதிக மகசூல். விஞ்ஞானிகள் குறைத்ததையே இந்தப் பூஞ்சை கூட்டிவிடுகிறது. ஒரே பொருள், இரண்டு திசை.

அப்போ பழத்தோட்டத்துக்கு அடிக்கிற ஜிப்ரலிக் ஆசிட்?

அதேதான். இன்றும் தொழிற்சாலைகளில் ஃபுஜிகுரோய் பூஞ்சையைத் தொட்டிகளில் வளர்த்தே அதைத் தயாரிக்கிறார்கள். விதையில்லா திராட்சை மணி பருக்கவும், ஒட்டுரக நெல் விதை உற்பத்தியில் கதிர் முழுசாக வெளியே வரவும் அடிப்பார்கள்.

நம் பக்கம் இந்த நோய் எப்போதிலிருந்து இருக்கிறது?

இந்தியாவில் இதை முதலில் பதிவு செய்தது சென்னை மாகாணத்தில்தான். 1931இல் கே. எம். தாமஸ் எழுதினார். அப்போது வட ஆர்க்காடும் அந்த மாகாணத்தின் ஒரு ஜில்லா. இன்று இதன் அடி அதிகம் விழுவது பஞ்சாப், ஹரியானா பாஸ்மதி வயல்களில், குறிப்பாக பூசா பாஸ்மதி 1121 ரகத்தில். நம்மிடம் கொள்ளை நோயாக வருவது குறைவு, ஆனால் விதையை வெளியிலிருந்து வாங்கும் பழக்கம் கூடக் கூட இதுவும் கூடவே வரும்.

விதை வழியாகத்தான் வருகிறதா? மண்ணிலிருந்து வராதா?

முக்கியமான வழி விதை. நோயுற்ற பயிரின் தாளில் உண்டாகும் வித்துகள் பூக்கும் நேரத்தில் காற்றிலும் மழைச் சாரலிலும் பக்கத்துக் கதிருக்குப் போகும். பூவில் விழுந்தால் நெல்மணிக்குள் தங்கிவிடும். வெளியே மணி நல்ல பொன்னிறமாகவே இருக்கலாம். அதை விதைக்கு எடுத்து வைத்து, அடுத்த பட்டத்தில் ஊறவைக்கிறோம். ஒரே பாத்திரத்தில் ஊறும்போது நோயுள்ள பத்து மணியிலிருந்து நல்ல மணிக்கும் தொற்றும்.

மண்ணிலும் தாளிலும் கொஞ்ச காலம் இருக்கும். அதனால் நோய் வந்த வயலின் வைக்கோலை அடுத்த நாற்றங்காலுக்கு மூடாக்காகப் போடாதீர்கள்.

சரி, விதைநேர்த்தி எப்படிச் செய்வது?

முதல் வேலை உப்புத் தண்ணீர். ஒரு வாளியில் பத்து லிட்டர் தண்ணீர் எடுத்து, புதிய கோழி முட்டை ஒன்றைப் போடுங்கள், அடியில் போய் உட்காரும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே வாருங்கள். முட்டை மேலே வந்து, அதன் ஓடு பழைய இருபத்தைந்து பைசா அளவுக்கு வெளியே தெரிந்தால் போதும். இப்போது முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டுங்கள். மிதப்பதெல்லாம் பதரும் அரைகுறை மணியும். பூஞ்சை உள்ளே தின்ற மணிகளில் நிறைய அதில் போய்விடும். மூழ்கியதை எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசியே ஆக வேண்டும், உப்பு நின்றால் முளைப்பு கெடும். நான் பார்த்தவரை இந்த அலசுதலில்தான் பலர் அவசரப்படுகிறார்கள்.

அடுத்து இரண்டில் ஒன்று. சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் என்ற நல்ல பாக்டீரியாப் பொடி, கிலோ விதைக்கு 10 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து ராத்திரி முழுக்க ஊறவைக்கலாம். அல்லது கார்பன்டசிம் பூசணக்கொல்லி, கிலோவுக்கு 2 கிராம். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள், காசு கொடுத்து வாங்கிய நல்ல கிருமிக்கு நாமே விஷம் வைத்ததாகிவிடும். பூசணக்கொல்லி பட்ட விதையில் மிச்சமானதைக் கோழிக்கோ சமையலுக்கோ எடுக்கவே கூடாது.

ஜப்பானில் மருந்தில்லாமல் 60 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் விதையை வைத்து எடுப்பார்கள். நன்றாக வேலை செய்கிற முறைதான், ஆனால் வெப்பமானி இல்லாமல் கைப்பக்குவத்தில் செய்யாதீர்கள். இரண்டு மூன்று டிகிரி ஏறினாலே முளைப்பு போய்விடும். செய்ய ஆசையிருந்தால் முதலில் ஒரு பிடி விதையில் செய்து முளைக்கிறதா பாருங்கள்.

நாற்றங்காலில் பார்த்த பிறகு என்ன செய்வது? மருந்து அடித்தால் நிற்குமா?

நெட்டையாகிவிட்ட நாற்றைக் காப்பாற்ற முடியாது. ஈரம் இருக்கும்போது வேரோடு பிடுங்கி, வரப்பில் போட்டுவிட்டுப் போகாமல் ஒரு சாக்கில் போட்டு எடுத்துப்போய் எரித்துவிடுங்கள் அல்லது ஆழப் புதையுங்கள். வரப்பில் கிடந்தால் அங்கேயே பொடி பூத்துப் பரவும். நடவு வயலில் பின்னால் தெரிந்தாலும் அதேதான். அந்த வயலில் இருந்து விதைக்கு நெல் எடுக்காதீர்கள்.

ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் நம்பவும் கூடாது. ஜப்பானில் கார்பன்டசிம் வகையைச் சேர்ந்த பெனோமில் மருந்துக்கு அசையாத பூஞ்சைகள் 1980களிலேயே பெருகிவிட்டன.

வெள்ளைச் சோளம் கதிர் முற்றும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மணியெல்லாம் ரோஸாகவும் கருப்பாகவும் இருக்கிறது. அடித்துச் சாப்பிடலாமா?

வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சோளக் கதிர்ப் பூசணம் என்று இதைச் சொல்வார்கள். கதிர் திறந்த நிலையில், உறையில்லாமல் நிற்கும் பயிர் சோளம். பூத்ததிலிருந்து அறுக்கும்வரை ஈரம் நின்றால் பல பூஞ்சைகள் ஒரே நேரத்தில் ஏறும். கருப்பு நிறம் பெரும்பாலும் கர்வுலேரியா போன்றவற்றால் வருவது, வெள்ளையும் ரோஸும் ஃபுசேரியத்தால். ஹைதராபாத் அருகே படன்செருவில் இக்ரிசாட் நிறுவனம் பல ஆண்டுகளாகப் பூசணம் தாங்கும் சோள ரகங்களைத் தேடிக்கொண்டிருப்பது இதற்காகத்தான். நெருக்கமில்லாத கதிர், கெட்டியான மணி, சிவப்பு அல்லது பழுப்புத் தோல் உள்ள ரகங்கள் கொஞ்சம் தாங்கும். வெள்ளை மணி சீக்கிரம் விழுந்துவிடும்.

1995இல் தக்காணப் பீடபூமியில் அறுவடை நேரத்தில் பருவம் தப்பி மழை பெய்தது. நனைந்த சோளத்தையும் மக்காச்சோளத்தையும் சாப்பிட்ட வீடுகளில், சாப்பிட்ட அரைமணி ஒரு மணி நேரத்துக்குள் வயிற்று வலி, வயிறு கடமுடவென்று இரைதல், பேதி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். வி. பட் குழுவினர் ஆராய்ந்தபோது 27 கிராமங்களில் இது நடந்திருந்தது. தானிய மாதிரிகளில் ஃபுமோனிசின் என்ற ஃபுசேரியம் நச்சு. மக்காச்சோள மாதிரி ஒன்றில் கிலோவுக்கு 64.7 மில்லிகிராம் வரை இருந்தது. உணவுக்கான உலகத் தரமான கோடெக்ஸ் பதப்படுத்தாத மக்காச்சோள மணிக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு கிலோவுக்கு 4 மில்லிகிராம்தான். அந்தத் தானியத்தை நிறுத்தியதும் நோய் நின்றது.

மழையில் கெட்ட தானியத்தை யார் சாப்பிடுவார்கள்? வேறு தானியம் வாங்க வழியில்லாதவர்கள். நம் ஊரில் கூலிக்குத் தானியம் அளந்து கொடுக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. நிறம் மாறிய சோளத்தைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாது என்று கூலிக்கு அளக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஃபுமோனிசின் அவ்வளவு கெட்டதா?

1988இல் தென்னாப்பிரிக்காவில், மரசாஸ், கெல்டர்ப்ளோம் முதலானோர் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் இது கண்டுபிடிக்கப்பட்டது. பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்ற குதிரைகளின் மூளை கரைந்து சாவது ஏன் என்ற தேடலும், டிரான்ஸ்கீ பகுதியில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் அதிகமாக இருந்ததும் அவர்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தின. உயிரணுச் சவ்வுக்குத் தேவையான ஒருவகைக் கொழுப்பைத் தயாரிக்கும் நொதியை இது தடுக்கிறது. ஃபுமோனிசின் பி1ஐ மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளது என்ற 2பி பிரிவில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. கருவிலிருக்கும் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டோடும் இதைச் சேர்த்து ஆராய்கிறார்கள்.

ஒரு வேளை சாப்பிட்டால் புற்றுநோய் வரும் என்று இதற்குப் பொருளில்லை. தினமும், முக்கிய உணவாக, ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்களைப் பற்றிய கவலை இது.

நன்றாகக் கழுவி, குக்கரில் வேகவைத்தால் விஷம் போய்விடாதா?

பூஞ்சை செத்துவிடும், நச்சு சாகாது. அது உயிருள்ள பொருளே இல்லை, பூஞ்சை விட்டுச்சென்ற ரசாயனம். சாதாரணச் சமையல் சூட்டை ஃபுமோனிசினும், கோதுமையில் வரும் டியாக்ஸிநிவலினால் என்ற இன்னொரு ஃபுசேரியம் நச்சும் பெரும்பாலும் தாங்கிவிடும். களி கிண்டினாலும் ரொட்டி சுட்டாலும் அதே கதை.

பலன் தருவது வேறு: சமைப்பதற்கு முன் பொறுக்குவது. நச்சு எல்லா மணியிலும் சமமாக இருக்காது, சுருங்கிய, நிறம் மாறிய, லேசான மணிகளில்தான் குவிந்திருக்கும். முறத்தில் புடைத்து, தண்ணீரில் மிதப்பதை எடுத்துப் போட்டு, கையால் பொறுக்கினால் அளவு நன்றாகக் குறையும். என் பாட்டி சோளத்தைப் புடைக்கும்போது ஓரத்தில் ஒதுங்கும் ரோஸ் மணிகளைத் தனியாக எடுத்து எருக்குழியில் போடுவார். கேட்டால் "அது கசக்கும்டா" என்பார். எனக்கு அப்போது காரணம் தெரியாது.

நெல்லை நன்றாகக் காயவைத்துவிட்டால் இந்தப் பூஞ்சை வராதுதானே?

பாதி சரி. ஃபுசேரியம் வயலில் பிடிக்கும் பூஞ்சை. மணியில் ஈரம் ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் வளரும். கிடங்கில் வருவது பெரும்பாலும் அஸ்பர்ஜில்லஸ், அஃப்ளாடாக்சின் என்ற வேறு நச்சைத் தருவது, குறைந்த ஈரத்திலும் வளரும். நெல்லை 13, 14 சதவீதத்துக்கும் மக்காச்சோளத்தை 12க்கும் காயவைத்தால் இரண்டுமே நிற்கும். ஆனால் வயலிலேயே உண்டான ஃபுசேரியம் நச்சு காய்வதால் மறையாது. அதனால்தான் பூக்கும் நேரத்தையும் அறுக்கும் நேரத்தையும் கவனிக்கச் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழையில் போய் மாட்டும்படி சோளத்தை விதைக்காமல், பட்டத்தைப் பத்து நாள் முன்பின் மாற்றினாலே நிறைய தப்பிக்கலாம்.

கேழ்வரகில் வருமா?

நம்மூர் கேழ்வரகில் கதிர் கருகினால் முதலில் நினைக்க வேண்டியது குலைநோய், அது வேறு பூஞ்சை. ஃபுசேரியம் கேழ்வரகிலும் இருக்கும், ஆனால் கேழ்வரகு அதை அடக்கி வைப்பதில் கெட்டிக்காரப் பயிர்.

எப்படி என்று 2016இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் மனிஷ் ரைசாடாவின் குழு காட்டியது. கேழ்வரகின் வேருக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா, ஃபுசேரியம் கிராமினேரம் நெருங்கினால் வேரின் மேல்பக்கத்துக்கு நகர்ந்து வருகிறது. அங்கே வேர்த்தூவிகளை நிறைய வளரச் செய்து, அவற்றோடு தானும் அடுக்கடுக்காகச் சேர்ந்து வேலி கட்டுகிறது. வேலியில் மாட்டிய பூஞ்சை அங்கேயே கொல்லப்படுகிறது. ஆடிப்பட்டத்தில் ஈர மண்ணிலிருந்து ஒரு கேழ்வரகுச் செடியைப் பிடுங்கி வேரை உதறிப் பாருங்கள், மண் எவ்வளவு பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மயிர்போன்ற தூவிகளுக்குள் இப்படி ஒரு காவல் நடக்கிறது என்று படித்த நாளிலிருந்து எனக்கு ராகி வயலைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. பழைய நாட்டு ரகங்களை ஜவ்வாது மலையிலும் சமவெளியிலும் கைவிடாமல் வைத்திருப்பவர்களிடம் நாம் நன்றியோடு இருக்க வேண்டும். ரகத்தோடு அதன் வேரில் வாழும் கிருமியும் சேர்ந்துதான் பிழைக்கிறது.

கோதுமை இங்கே விளையாது. அதைப் பற்றி நமக்கு எதற்கு?

விளையாது, ஆனால் தினமும் சாப்பிடுகிறோம். சர்க்கரை நோய் வந்த வீட்டில் ராத்திரிக்குச் சப்பாத்திதான்.

கோதுமை பூக்கும் சில நாள்களில் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் கிராமினேரம் பூவழியே நுழையும். பச்சைக் கதிரில் பாதி மட்டும் வெளுத்துவிடும், மணி சுருங்கிச் சுண்ணாம்பு போலாகும். அதில் உண்டாகும் டியாக்ஸிநிவலினால் நச்சு வாந்தியை வரவழைக்கும். 1987இல் காஷ்மீரில் மழையில் கெட்ட கோதுமை மாவால் பலருக்கு வயிற்றுக் கோளாறு வந்தது, ஆய்வில் இந்த வகை நச்சு வெளிப்பட்டது. இப்போது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கோதுமையில் கிலோவுக்கு 1000 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது.

எதிர்ப்புச் சக்தி தேடும் வேலையில் பேர்பெற்றது சீனாவின் சுமாய் 3 என்ற கோதுமை ரகம். 2020இல் வெளிவந்த ஆய்வு இன்னும் வியப்பானது: கோதுமையின் உறவுப் புல் ஒன்றில் இருந்த எஃப்எச்பி7 என்ற மரபணு இந்த நச்சையே உடைத்துச் செயலிழக்கச் செய்கிறது. அந்த மரபணு புல்லுக்கு எப்போதோ, புல்லுக்குள் வாழும் வேறொரு பூஞ்சையிடமிருந்து தாவி வந்திருக்கிறது. ஒரு பூஞ்சையின் விஷத்துக்கு இன்னொரு பூஞ்சை கொடுத்த மாற்று மருந்து.

மனுஷருக்கு வேண்டாம், மாட்டுக்குப் போடலாமா?

மாட்டின் முதல் வயிற்றில் உள்ள கிருமிகள் டியாக்ஸிநிவலினாலை ஓரளவு முறித்துவிடும், அதனால் மாடு மற்ற கால்நடைகளைவிடத் தாங்கும். பன்றி தாங்காது, தீவனத்தை ஒதுக்கும், வாந்தியெடுக்கும். ஃபுசேரியத்தின் இன்னொரு நச்சான ஜியரலினோன் பெண் ஹார்மோன் போல நடித்துப் பன்றியின் சினைப்பருவத்தையே குழப்பும். குதிரைக்குப் பூசண மக்காச்சோளம் ஒரு மணிகூட வேண்டாம். மாடு தாங்குமே என்று போடுவதும் தப்பு: பூசணம் பிடித்த தானியத்தில் அஸ்பர்ஜில்லஸும் சேர்ந்திருந்தால் அதன் அஃப்ளாடாக்சின் மாறிய வடிவில் பாலில் இறங்கும். அந்தப் பால் குழந்தைக்குத்தான் போகும்.

வாழையில் வரும் வாடல் நோயும் இதுதானா?

குடும்பம் ஒன்று, ஆள் வேறு. வாழையைச் சாய்ப்பது ஃபுசேரியம் ஆக்ஸிஸ்போரம். அது நெல்லுக்கு வராது, நெல்லில் வருவது வாழைக்குப் போகாது.

களத்தில் நெல் சுணை கண்ணில் பட்டுச் சிவந்தது. இதற்கும் ஃபுசேரியத்துக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, இதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். தென்னிந்தியாவில் கருவிழியில் வரும் பூஞ்சைப் புண்ணுக்கு முக்கியக் காரணம் ஃபுசேரியம். நெல் தாளோ உமியோ கீறிய இடத்தில் நுழைகிறது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடாதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து போடவே போடாதீர்கள், அது பூஞ்சைக்குச் சாப்பாடு போட்டது போலாகும். வலி, சிவப்பு, வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அன்றே கண் மருத்துவமனைக்குப் போங்கள். வேலூரில் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. 2013இல் வெளியான, அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், ஃபுசேரியம் புண்ணுக்கு நேட்டமைசின் சொட்டு மருந்து விலை உயர்ந்த வோரிகொனசோலைவிட நன்றாக வேலை செய்தது.

என் விதையில் இந்தப் பூஞ்சை இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

உறுதியாகச் சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டும், சந்தேகத்தை வீட்டிலேயே எழுப்பிக்கொள்ளலாம். மூடியுள்ள அகலமான டப்பா நான்கு எடுத்து வெந்நீரில் கழுவுங்கள். ஒவ்வொன்றிலும் மை அச்சு இல்லாத உறிஞ்சு தாளை மூன்று மடிப்பாகப் போட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்து, மிச்சத் தண்ணீரைச் சாய்த்துவிடுங்கள். மூட்டையின் மேல், நடு, அடி என்று பல இடத்தில் கைவிட்டு எடுத்துக் கலந்த விதையில், டப்பாவுக்கு 25 வீதம் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்குங்கள். ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில் ஏழு நாள். இடையில் திறக்க வேண்டாம்.

எட்டாம் நாள் பாருங்கள். மணியைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு, அதில் ரோஸ் அல்லது ஊதா சாயல், முளைத்த நாற்றில் சில மட்டும் ஒல்லியாய் நீண்டிருந்தால் ஃபுசேரியம் இருக்க வாய்ப்பு. பச்சைப் பொடி என்றால் கிடங்குப் பூஞ்சை. ஆய்வுக்கூடத்தில் இதையே 400 விதை வைத்து, மைக்ராஸ்கோப்பில் அந்தப் பிறை வடிவ வித்தைப் பார்த்து உறுதி செய்வார்கள்.

சந்தேகம் வந்தால் விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். விதை கால் கிலோ போதும், துணிப்பையில் அல்லது காகித உறையில். நாற்று என்றால் வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, ஈரமில்லாத செய்தித்தாளில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் அழுகி, எது நோய் எது அழுகல் என்று பிரிக்க முடியாமல் போகும். ரகம், விதை வாங்கிய இடம், விதைத்த தேதி, நூறு நாற்றுக்கு எத்தனை நெட்டை என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள்.